விளிம்பு மடிக்கிறவள்

எம்.ஏ. இரண்டாமாண்டு படிக்கையில் கூடப் படித்த ஒருத்தியின் அக்காவுக்குக் கல்யாணம். கோயம்புத்தூர் ராஜ வீதிப் பக்கம் ஒரு கடையில் தைக்கக் கொடுத்து வாங்கிய பட்டு ரவிக்கையை வகுப்புக்கு எடுத்து வந்து காட்டினாள். மாம்பழ மஞ்சள், கையில் அரக்குக் கரை. கை ஓரத்தை விரலால் தடவிவிட்டு, "தையல் எங்க போட்டிருக்குதுன்னே தெரியல பாரு. அந்தக் கடைக்காரரு கை அப்படி" என்றாள். ரவிக்கை ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. என் கைக்கும் வந்தது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

எல்லாரும் போடுகிற எம்மிங் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்றால் அது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. எங்கம்மா இடது கைக்காரி. அந்தச் சாய்வைப் பார்க்காவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு நாளைக்கு முன்னால் ராத்திரி பதினோரு மணிக்குக் கரண்டு போனபோது அந்த மஞ்சள் ரவிக்கைக்கு விளக்குப் பிடித்தவள் நான்தான்.

"ஆமா, நல்லா இருக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஏறக்குறைய பதினைந்து வருசம் ஆகிறது. இதற்கிடையில் எத்தனையோ மேடைகளில் உழைப்பைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அந்த வகுப்பறை மௌனம் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் செய்தது தப்பா? தப்பென்றால் யாருக்குச் செய்த தப்பு? தையல் தெரியக்கூடாது என்பது தொழிலின் நேர்த்தி. தைத்தவளும் தெரியக்கூடாது என்பது எதிலிருந்து வந்தது? இந்தக் கேள்வியை எழுதிப் பார்த்துத் தெளியலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

*

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வேலையைத் தெரிந்துகொள்ளாமல் உழைப்பைப் பற்றிப் பேசுகிற பழக்கம் நம் தோழர்கள் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது.

பெரிய தையல் கடைகளில் வெட்டுகிறவர் ஒருத்தர், மிஷினில் மூட்டுகிறவர் ஒருத்தர். காஜா எடுப்பது, கொக்கி வைப்பது, எம்மிங் போடுவது எல்லாம் கடைக்கு வெளியே, வீட்டுத் திண்ணைகளில், பெண்களின் கையில் நடக்கும். மிஷின் தையல் மேலே கோடாகத் தெரியும். பட்டுக்கும் விலை உயர்ந்த துணிக்கும் அது அழகில்லை என்பார்கள். அதனால் கை ஓரமும் கழுத்துப் பட்டியும் இடுப்பு மடிப்பும் கையால்தான். சேலைக்குப் பால்ஸ் தைப்பதும் அப்படியே. அதன் மேல் ஓரத்தைச் சேலையோடு பிடிக்கிற தையல் வெளியே தெரியக்கூடாது.

துணியின் ஓரத்தைக் கால் இஞ்ச் உள்ளே மடிக்கணும். பிசிறு தலைகாட்டாதபடி அதை இன்னொரு மடி மடிக்கணும். நகத்தால் நீவி மடிப்பைப் படிய வைக்கணும். நூல் துணியின் நிறத்திலேயே இருக்கணும். அச்சு அசலாகக் கிடைக்காதபோது ஒரு சாயல் கூடின நூலை எடுக்கணும். வெளிறின நூல் காட்டிக்கொடுத்துவிடும். நூல் ஒரு கை நீளத்துக்கு மேல் போனால் முறுக்கிக்கொள்ளும். மெல்லிசான ஊசி வேண்டும். கைத்தையல் ஊசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும் என்பது கடைக்குப் போய் ஊசி வாங்கியவர்களுக்குத் தெரியும். முடிச்சை மடிப்புக்குள்ளே புதைத்துவிட்டு, மேல்துணியில் ஒரே ஒரு இழையை, மிஞ்சிப்போனால் இரண்டு இழையை ஊசிமுனையில் எடுத்து, உடனே மடிப்பின் விளிம்பில் ஏறணும். இன்னும் மறைவாக வேண்டுமென்றால் ஊசியை மடிப்புக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓடவிட்டு, வெளியே தலையை நீட்டி ஒரு இழை எடுத்து, மறுபடி உள்ளே போகணும். நூலை இறுக்கினால் துணி சுருங்கும். தளர்த்தினால் வளையல் மாட்டும்.

"துணிக்கு வலிக்கக் கூடாது, நூலுக்கும் வலிக்கக் கூடாது" என்று அம்மா சொல்லும். பால்ஸை முதல் நாளே தண்ணீரில் நனைத்துக் காயவைக்கும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் பால்ஸ் சுருங்கிச் சேலையின் அடியைச் சுருட்டிவிடும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போடுகிற வேலையை ராத்திரி வாங்காது. அப்படியும் கல்யாண சீசனில் வாங்கித்தான் ஆகவேண்டி வரும். நான் எட்டாவது படிக்கையில் ஒரு ரவிக்கைக்கு இரண்டு ரூபாய் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்ணாடி வந்தது அடுத்த வருசம்.

*

அம்மாவின் கைக்கு ஊசி புதிசாக வந்ததில்லை. அப்புச்சியும் தைத்தவர்தான். அவர் தைத்தது தோல்.

கொங்கு நாட்டில் தோல் வேலை அருந்ததியர் தலையில் கட்டப்பட்ட வேலை. பல்லடத்துப் பக்கம் இருந்த அப்புச்சி செருப்புத் தைத்தார், மாட்டுக்கு வார் அறுத்தார். எல்லாவற்றையும் விட முக்கியமானது கவலைக்குத் தைத்தது. ஆறில்லாத காடுகளில் கிணறுதான் உயிர். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். சாலின் அடியில் கட்டியிருக்கும் தோல் குழாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோலில் ஒரு தையல் விட்டாலும் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகும். அப்புச்சியின் குத்தூசி போட்ட துளையும் வாரும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, அவ்வளவுதான். வருசத்துக்கு ஒரு தடவை களத்தில் கொஞ்சம் தவசம் அளந்து போடுவார்கள்.

அந்தத் தோல் நாளெல்லாம் கிணற்றுத் தண்ணீரில் முங்கி எழும். அதைத் தைத்த கை அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. எங்க பாட்டி குடத்தோடு கிணற்று மேட்டுக்குக் கீழே நின்று, யாராவது மனசு வந்து ஊற்றும்வரை காத்திருக்கும்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது. மில்லுகள் பெருகின. பின்னால் காடு காடாகப் பம்பு செட்டு வந்தது. கவலை போயிற்று, தோல் தையலும் போயிற்று. தண்ணீர் மேலே வருகிற வழி மாறியது. எங்கள் குடத்துக்குத் தண்ணீர் வருகிற வழி அத்தனை சீக்கிரம் மாறவில்லை.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. தோல் தீட்டில்லை, தோல் தைத்தவன் தீட்டு. இன்றைக்கு ரவிக்கை தீட்டில்லை. எந்த வீட்டுச் சமையலறைக்குள் அம்மாவை விடமாட்டார்களோ அந்த வீட்டுப் பெண்ணின் தோளை, கழுத்தை, இடுப்பை அம்மாவின் தையல் நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பொருளை ஏற்பதற்கும் ஆளை விலக்குவதற்கும் நடுவில் ஒரு தந்திரம் தேவைப்படுகிறது. ஆளை மறந்துவிட வேண்டும். அப்புச்சி காலத்தில் ஊருக்கே ஆளைத் தெரியும், ஆகவே தூர நிறுத்தினார்கள். அம்மா காலத்தில் ஆளே தெரியாது, தூர நிறுத்த வேண்டிய சிரமம்கூட இல்லை. நகரம் தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் ஒழிப்பு என்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

*

தமிழ் படித்தவள் என்பதால் ஒரு பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புறநானூற்றில் 82ஆம் பாட்டு. சாத்தந்தையார் பாடியது. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் சண்டை எவ்வளவு வேகமாக நடந்தது என்று சொல்ல ஒரு உவமை வருகிறது. ஊரில் திருவிழா. வீட்டில் பெண்டாட்டிக்குப் பிள்ளைப்பேறு. மழை பெய்கிறது, பொழுது இறங்குகிறது. அந்த நேரத்தில் ஒருவன் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கை ஊசி எத்தனை வேகமாக ஓடுமோ அத்தனை வேகமாம் அரசனின் சண்டை.

வகுப்பில் உவமையின் நயம் சொன்னார்கள். வேகம் என்ற பொதுத்தன்மையைச் சொன்னார்கள். பரீட்சையில் நானும் அதையே எழுதி நல்ல மார்க் வாங்கினேன். பாட்டில் அந்தத் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிற பெயர் இழிசினன். போரிட்டவனுக்குப் பெயர் இருக்கிறது, பாடியவருக்குப் பெயர் இருக்கிறது. ஊசி புகழப்படுகிறது. ஊசி பிடித்தவனுக்குக் கிடைத்தது ஒரு வசவு. அந்த ராத்திரி அவன் வீட்டுக்குப் போனானா, பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததா என்று இத்தனை நூற்றாண்டில் யாராவது கேட்டிருப்பார்களா?

இருந்தாலும் சாத்தந்தையாரை நான் முழுசாகக் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவர் அவனைப் பார்த்திருக்கிறார். மழையும் பேறுகாலமும் அவன் கையை விரட்டுவதைக் கவனித்திருக்கிறார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவர் பெயரிடுகிற இடத்தில் சாதியின் வாயால் பேசிவிட்டார். திறமையைக் கண்டு வியப்பதும் திறமைசாலியை இழிவாக்குவதும் ஒரே வரிக்குள், ஒரே மூச்சில் நடக்க முடியும் என்பதற்குத் தமிழில் இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது.

'தையல்' என்ற சொல்லையும் பாருங்கள். தைக்கிற வேலைக்கும் அதுதான் பெயர், பெண்ணுக்கும் அதுதான் பெயர். பெண் பேச்சைக் கேட்காதே என்று பிள்ளைகளுக்கு உபதேசிக்க ஆத்திசூடி எடுத்துக்கொண்ட சொல்லும் அதேதான். தையலைப் போடச் சொல்வார்கள், தையல் பேசினால் கேட்கக்கூடாது என்பார்கள்.

*

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோட்பாடு பிறந்தது. சில வருசங்களுக்கு முன்னால் திருப்பூரில் ஒரு கூட்டத்தில் அதை ஆவேசமாகப் பேசினேன். "விளிம்புநிலை மக்கள் என்று நம்மைச் சொல்கிறார்கள். துணியின் விளிம்பை என்ன செய்கிறார்கள்? உள்ளே மடித்து மறைக்கிறார்கள். விளிம்பை மடித்தால்தான் நடுத்துணி அழகாக இருக்கும். இனி மடிய மாட்டோம். தையல் தெரியட்டும். பட்டு ரவிக்கையில் கறுப்பு நூலில் பளிச்சென்று தைப்போம். அதுவே தலித் அழகியல்" என்றேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்து பெருமையாக அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா ஊசியை நிறுத்தாமலே கேட்டது: "ஏனம்மிணி, தையல் தெரியற மாதிரி போட எனக்குத் தெரியாதா? பழகற புள்ளைக எல்லாம் அப்படித்தான் போடுவாங்க. முப்பது வருசமாப் பழகுன என்ற தொழிலக் கெடுத்துப்போட்டு, அதுக்குப் போராட்டம்னு பேரு வெக்கறதா?"

"அப்பறம் உனக்கு என்னதாம்மா வேணும்?"

"அந்தாளு நோட்டுல என்ற பேர எழுதச் சொல்லு. அத முதல்ல செய்யி."

அந்த நோட்டை எனக்குத் தெரியும். சனிக்கிழமை கணக்குப் பார்க்கிற நோட்டு. வெட்டுகிறவர் பேருக்கு ஒரு பக்கம், மிஷின்காரர்கள் ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு பக்கம். அம்மாவின் பக்கத்தில் மேலே 'எம்மிங்' என்று எழுதியிருக்கும். கீழே எண்கள். முப்பது வருசத்தில் நோட்டு பல தடவை மாறியது, அந்த எழுத்து மாறவில்லை.

அன்றைக்கு என் கோட்பாட்டில் ஒரு ஓட்டை தெரிந்தது. அது மறைவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி எரித்துவிட்டது. தையலை மறைப்பது அம்மாவின் திறமை. ஒரு இழையா இரண்டு இழையா என்று முடிவு செய்வது அம்மா. மறைக்கிறவள் அவள், மறைக்கப்படுவது நூல். நோட்டிலோ மறைக்கப்படுவது அவள், மறைக்கிறவன் வேறொருவன். இந்த இரண்டுக்கும் 'தெரியக்கூடாது' என்ற ஒரே சொல்லை நாம் வைத்திருப்பதால் ஒன்றின் அழகு இன்னொன்றின் அநியாயத்துக்கு முக்காடாகப் பயன்படுகிறது. கடைக்காரரிடம் கேட்டால், நல்ல எம்மிங் போடுகிறவள் அடக்கமானவள், முன்னால் வந்து நிற்க ஆசைப்படமாட்டாள் என்றுதான் சொல்வார். தொழிலின் குணத்தைத் தொழிலாளியின் குணமாக்கி, அந்தக் குணத்தையே அவளுக்குக் கூலியாகவும் கொடுத்துவிடுகிறார்கள். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்ற கீதை உபதேசத்தை நம் மக்கள் காதில் ஓதி வந்ததும் இந்தக் காரியத்துக்குத்தான். அந்த உபதேசத்தை ஓதினவர்கள் தட்சணையை எதிர்பாராமல் இருந்ததில்லை.

ஒரு தோழர் மறுத்தார். "எல்லாத் தொழிலும் இப்படித்தானே? வீடு கட்டின கொத்தனார் பேரை யார் சுவரில் எழுதுகிறார்கள்? இதில் சாதி எங்கே வந்தது?" நியாயமான கேள்வி. திறப்பு விழாக் கல்வெட்டில் மந்திரி பேர் இருக்கும், கான்ட்ராக்டர் பேர் இருக்கும். கல் சுமந்தவள் பேர் இருக்காது. முதலாளித்துவம் எல்லாத் தொழிலாளியின் பேரையும் தின்னத்தான் செய்கிறது. ஆனால் யார் பேர் முதலில் மறைகிறது, யாருடைய மகளும் பேத்தியும் அதே பெயரில்லாத பக்கத்துக்குப் பாத்தியதை கொண்டாடிக்கொண்டு வருகிறார்கள் என்று பாருங்கள். நோட்டில் பேர் உள்ளவர்களுக்கும் பேர் இல்லாதவர்களுக்கும் நடுவில் கோடு போட்டுப் பார்த்தால், ஊரில் ஊருக்கும் வளவுக்கும் நடுவில் ஓடுகிற கோட்டோடு அது போய்ச் சேருகிறது. எல்லா இடத்திலும் அச்சாகச் சேருகிறது என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்த கடைகளில் சேர்ந்தது.

2013இல் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு, என் துணியைத் தைத்தது யார் என்று கேட்கும் இயக்கம் வெளிநாடுகளில் எழுந்தது. நல்ல கேள்வி. திருப்பூர்ப் பனியனின் கழுத்துச் சீட்டில் நாட்டின் பேர் இருக்கிறது, பருத்தி எத்தனை சதவீதம் என்று இருக்கிறது, எப்படித் துவைக்க வேண்டும் என்று இருக்கிறது. கை இல்லை. நம் நாட்டில் அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தைத்தவள் யார் என்று தெரிந்த பிறகும் அதே துணியை அதே பெருமையோடு போட்டுக்கொள்வீர்களா?

*

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். நான் ஏன் பேசாமல் இருந்தேன்?

அன்றைக்கு நாங்கள் இருந்தது வாடகை வீடு. வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம், "நீங்க யாரு ஊட்டு ஆளுங்க?" என்று கேட்டார்கள். மூன்று இடத்தில் உண்மையைச் சொன்னோம், மூன்று இடத்திலும் வீடு அன்றைக்குக் காலையில்தான் வேறு ஆளுக்குப் பேசி முடிந்திருந்தது. நாலாவது இடத்தில் அப்பா எதையோ முனகினார், அவர்களுக்கு வேண்டிய மாதிரி காதில் விழுந்தது. வீடு கிடைத்தது. அதற்குப் பிறகு வீட்டில் பேசுகிற தெலுங்கைக் கதவு சாத்திக்கொண்டு பேசினோம். எம்.ஏ. தமிழ் படிக்கிற எனக்கு, அம்மாவை அம்மாவின் மொழியில் வாசலில் வைத்துக் கூப்பிடப் பயம். வாழ்க்கையையே உள்பக்கமாக மடித்து எம்மிங் போட்டிருந்தோம். ஒரு இழைகூட வெளியே தெரியாது.

அது தப்பா? இந்த இடத்தில் நான் உறுதியாகச் சொல்வேன், தப்பில்லை. கேட்டவன் செய்தது தப்பு.

உடையின் ஓரம் எங்கே முடிய வேண்டும் என்பதுகூட நமக்குச் சட்டமாக இருந்திருக்கிறது. தென் திருவிதாங்கூரில் தோள்சீலை போடுவதற்காக நாடார் பெண்கள் அடிபட்டு, போராடி, 1859இல்தான் அரசாணை வாங்கினார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது என்பது அதில் ஒன்று. ஓரம் இறங்கினால் குற்றம். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். தீண்டத்தகாதவள் என்று காட்டிக்கொடுக்கும்படி சேலை கட்டுவதையும் நகை போடுவதையும் விட்டுவிடுங்கள் என்றார். உன்னைக் காட்டிக்கொடுக்க இன்னொருத்தன் குத்திய அடையாளத்தை நீ சுமக்க வேண்டியதில்லை என்பது அதன் பொருள். ஆதிக்கச் சாதிக்காரன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வீடு பிடித்ததும் அந்த வகையில்தான் சேரும். வேட்டை நாயிடமிருந்து மறைகிற முயலுக்கு நேர்மை பற்றிப் பாடம் நடத்துவது அறமாகாது.

ஆனால் வகுப்பறையில் என்னை யாரும் கேட்கவில்லை. வீடு போகும், சோறு போகும் என்ற நிலை அங்கே இல்லை. அந்தப் பெண் கெட்டவளும் இல்லை. "எங்கம்மா போட்டது" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வியந்திருப்பாள். முகம் மாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். நான் அதைச் சோதிக்கப் பயந்து அம்மாவின் புகழை வேறொருவர் கணக்கில் எழுதிவிட்டேன். வீட்டுக்காரனிடம் நான் மறைத்தது சாதி என்கிற பொய்யை. வகுப்பில் நான் மறைத்தது அம்மாவின் கையை. முதலாவது என்னைக் காத்துக்கொள்ள. இரண்டாவதில் அந்தக் கடைக்காரரின் நோட்டு என் கையிலும் இருந்தது. நானும் 'எம்மிங்' என்றே எழுதினேன்.

ஆக எனக்குக் கிடைத்த அளவுகோல் இது. ஒரு மறைவு சரியா தப்பா என்று பார்க்க, மறைப்பது யார், அதனால் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்க வேண்டும். ஊசி பிடித்தவள் தானாக நூலை மறைத்தால் அது கலை. ஒடுக்கப்பட்டவள் தன் உயிருக்கும் கூரைக்கும் அடையாளத்தை மறைத்தால் அது தற்காப்பு. அவள் உழைப்பின் பலனை எடுத்துக்கொண்டவர்கள் அவளை மறைத்தால் அது திருட்டு.

திருட்டோடு நிற்காத மறைவும் இருக்கிறது. 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு பெரிய மதில் சரிந்து பக்கத்திலிருந்த வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். எல்லாரும் நம் மக்கள். அந்த மதிலை அங்கிருந்தவர்கள் தீண்டாமைச் சுவர் என்றுதான் சொன்னார்கள். அங்கே போய் நின்றபோது எனக்கு மஞ்சள் ரவிக்கை ஞாபகம் வந்தது. ஓரத்தில் இருப்பவர்கள் கண்ணில் படக்கூடாது என்று நினைக்கத் தொடங்கினால் அந்த நினைப்பு எவ்வளவு உயரத்துக்கு வளரும் என்பதற்குக் கணக்கில்லை.

*

"பேர எழுதச் சொல்லு" என்று அம்மா சொன்னதைச் சின்ன விஷயம் என்று நினைத்தேன். போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தது. தையல் தொழிலாளர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. அம்மாவைப் பதிவு செய்யலாம் என்று போனேன். தையல் வேலை செய்கிறவர்தான் என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வருசம் வேலை கொடுத்த கடையில் கேட்டேன். "அவங்க எங்க கடை ஆளு இல்லீங்களே. வீட்ல சும்மா இருக்கற நேரத்துல போட்டுத் தர்றாங்க" என்றார்கள். சும்மா இருக்கிற நேரம்! அந்த நேரத்தில்தான் அம்மாவின் கண் போனது.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களும் தொழிலாளர்களே, மற்றவர்களுக்குள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. நாடே கடைக்காரர் சொன்ன பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பேர் எழுதுவதால் என்ன வந்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நம் அனுபவமே பதில். பட்டியல் சாதியினர் என்ற பெரிய துணிக்குள் அருந்ததியர் மடிந்து கிடந்தோம். 2009இல் 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் என்று சட்டத்தில் பேர் எழுதினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போவதைக் கண்ணால் பார்த்தோம். வழக்கு நடந்து, 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்சநீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. பேர் எழுதின பிறகுதான் கணக்குக் கேட்க முடிகிறது.

அம்மாவுக்கு வேறு வழியில் கையெழுத்து வாங்கினோம். அட்டை வந்தது. அதில் போட்டோ ஒட்டி, பேர் எழுதி, தொழில் என்ற இடத்தில் 'தையல்' என்று இருந்தது. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தது. "போட்டோ நல்லா இல்ல" என்றது. பத்திரமாக மடித்து வை என்று என்னிடம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிற்று.

கடைக்காரர் நோட்டில் இன்னும் எம்மிங் என்றுதான் இருக்கிறது. அந்தத் தெருவில் அதே கடைக்கும் வேறு கடைகளுக்கும் எம்மிங் போடுகிற பதினோரு பெண்களைச் சேர்த்திருக்கிறோம். ஒரு ரவிக்கைக்கு என்ன கூலி என்று எல்லாரும் ஒரே தொகையைச் சொல்வது, கணக்கு நோட்டில் அவரவர் பேரில் பக்கம் போடச் சொல்வது என்று பேசி வைத்திருக்கிறோம். இரண்டு கடைகள் ஒத்துக்கொண்டன. மற்றவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். எங்கம்மா போல எம்மிங் போட வேறு ஆள் அத்தனை சுலபமாகக் கிடைக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். தையலைத் தெரியாமல் போடுகிற அந்தத் திறமைதான் இப்போது எங்கள் பக்கம் இருக்கிற ஆயுதம். கறுப்பு நூலில் பளிச்சென்று தைத்திருந்தால் இந்த ஆயுதம் இருந்திருக்காது.

கல்லூரித் தோழிக்குப் போன மாதம் போன் செய்தேன். அந்த ரவிக்கை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா இன்னும் வைத்திருக்கிறாளாம். "அதுக்கு எம்மிங் போட்டது எங்கம்மா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையைத்தான் அனுப்ப வேண்டும்.

இதைப் படிக்கிற தோழர்கள், போட்டிருக்கிற சட்டையின் ஓரத்தையோ கட்டியிருக்கிற சேலையின் அடியையோ ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். சாய்ந்து சாய்ந்து போகிற சின்னத் தையல் தெரிந்தால், அதைப் போட்டவள் பேரை உங்கள் தையல்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாதென்றால், தெரிந்துகொண்டு வந்து சொல்லும்வரை அடுத்த துணியைக் கொடுக்காதீர்கள்.